சுருட்டை என்று எழுதப்பட்டவை

ஜூன் 1, திங்கள்

தண்ணீர் கேன் வரவில்லை. மூன்றாவது முறை போன் செய்தபோது கடைக்காரர் எடுத்து, "மழைக்கு வண்டி கிளம்பல மேடம்" என்றார். வேளச்சேரியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. எந்த ஊர் மழையைச் சொன்னாரோ.

நாகப்பாம்பும் கட்டுவிரியனும் போன வாரத்தோடு முடிந்தன. இன்று முதல் மற்ற விரியன்கள். ஒரு பாம்பின் விஷப்பையிலிருந்து நூற்றுக்கணக்கான நச்சுப் புரதங்களின் வரிசைகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் உலகத் தரவுத்தளங்களில் ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது ரத்தத்தைக் கெடுக்கும் குடும்பம், இது நரம்பைத் தாக்கும் குடும்பம், இது சதையை அரிக்கும் குடும்பம் என்று பிரித்து, எங்கள் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். எந்தப் பாம்பு, எந்த ஊர், உடம்பில் என்ன செய்யும், விஷமுறிவு மருந்து கேட்குமா என்பதெல்லாம் அதில் வரும். விஷத்துக்கு ரேஷன் கார்டு போடுகிறோம் என்பார்கள் மைதிலி மேடம். அவர்கள்தான் எங்கள் ஆய்வகத்தின் தலைவர். நான் நாள் முழுக்கக் கணினி முன்னால்தான். இந்த வேலைக்கு வந்த பிறகு ஒரு பாம்பைக்கூட நேரில் பார்த்ததில்லை.

இரவு அம்மா பேசினாள். எங்கள் ஊர் குலசேகரத்தில் மழை பிடித்துவிட்டதாம். சமையலறை ஓடு ஒழுகுகிறது. அக்கா வீட்டுக்காரர் வந்து மாற்றித் தரட்டுமா என்று அக்கா மூலமாகக் கேட்டுவிட்டிருக்கிறார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். வெளியாள் யாரையாவது வைத்துச் செய்யச் சொன்னேன்.

ஜூன் 3, புதன்

ஃப்ரிட்ஜில் இருந்து இப்போது என் முறைக்கு வந்திருக்கும் ஏழு மாதிரிகளும் எங்கள் மாவட்டத்துப் பாம்புகள். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரிக்காரர்கள் சேகரித்து அனுப்பியவை. ஏழின் மேலும் சுருட்டை விரியன் என்று எழுதியிருக்கிறது.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஜெனிட்டா, இதை வேணும்னா வேற யார்கிட்டயாவது குடுக்கட்டுமா?" என்று கேட்டார்கள். அப்பாவைக் கடித்தது சுருட்டைதான் என்று எப்போதோ சொல்லியிருக்கிறேன். அதை நினைவு வைத்திருக்கிறார்கள். தேவையில்லை என்றேன். ஆறு வருடம் ஆகிவிட்டது.

ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில், விடியும் முன் நடந்தது. அப்பாவும் அக்கா வீட்டுக்காரரும் ஒரே தோட்டத்தில்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அப்பாவைப் பைக்கில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே விஷவைத்தியர் வீட்டுக்கு ஓட்டினார். அங்கே மூன்று மணி நேரம் போயிற்று. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. மருந்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். "லேட்டா வந்துட்டீங்க" என்றார் டாக்டர். ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார்.

அக்கா வீட்டுக்காரரோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. பேசும்படி வேலை எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 5, வெள்ளி

கணினியில் புரதங்களின் மரம் சரியாக விழவில்லை. திங்கட்கிழமை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 8, திங்கள்

மரம் என்பது புரதங்களின் உறவுமுறையைக் காட்டும் படம். நெருங்கிய சொந்தங்கள் ஒரே கிளையில் வரும், தூரத்துச் சொந்தங்கள் தள்ளி நிற்கும். ஏழு சுருட்டைகளும் ஒரே கிளையில் வர வேண்டும். நான்குதான் வந்தன. மூன்று எங்கோ தள்ளி, இலங்கையிலிருந்து யாரோ முன்பு பதிவேற்றிய ஒரு குழிவிரியனின் கிளையில் போய் ஒட்டிக்கொண்டன.

வெள்ளிக்கிழமை இது என் தவறு என்று நினைத்தேன். கோப்புகள் மாறியிருக்கலாம் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். அதே மரம். விஷத்தை விட்டுவிட்டு, பாம்பின் இனத்தை அடையாளம் காட்டும் வேறொரு மரபணுவை அதே மாதிரிகளிலிருந்து எடுத்து ஒப்பிட்டேன். மூன்றும் குழிவிரியன். சந்தேகமே இல்லை. சிறிய பாம்பு, மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும். ரப்பர் தோட்டத்தில் சருகுக்குள் சுருண்டு கிடக்கும். சுருண்டு கிடப்பதையெல்லாம் எங்கள் ஊரில் சுருட்டை என்றுதான் சொல்வார்கள்.

மேடம் போய்விட்டார்கள். நாளை சொல்ல வேண்டும்.

ஜூன் 9, செவ்வாய்

மேடம் மரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். "லேபிள் மாறியிருக்கு. மூணையும் பேர் மாத்தி ஏத்திடு. நல்லவேளை, இப்பவே கண்டுபிடிச்ச."

"மேடம், இந்தப் பாம்பெல்லாம் அந்தக் கல்லூரிக்கு எப்படிக் கிடைச்சுது?"

"கடிபட்டவங்க ஆஸ்பத்திரிக்கு வரும்போது, பாம்பை அடிச்சுக் கையோட எடுத்துட்டு வருவாங்க இல்ல? அதை…"

சொல்லிக்கொண்டே வந்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நானும் அப்போதுதான் உணர்ந்தேன். ஒவ்வொரு பாம்போடும் ஒரு ஆள் வந்திருக்கிறார்.

நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்குத்தான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். குழிவிரியன் அதில் இல்லை. அந்த விஷத்துக்கு அந்த மருந்தை எத்தனை குப்பி ஏற்றினாலும் வேலை செய்யாது. இது எனக்குப் புதிய செய்தி அல்ல. குழிவிரியனுக்கு நேரே 'மருந்து இல்லை' என்று நானே தட்டச்சு செய்திருக்கிறேன். அடுத்து எந்த வரி என்று பார்த்துக்கொண்டே தட்டியிருக்கிறேன்.

மேடம் காலி டீக் கோப்பையை எடுத்து வாயருகில் கொண்டுபோய், திரும்ப வைத்தார்கள். மறுபடியும் எடுத்தார்கள்.

"அந்த மூணு பேரும் பொழச்சாங்களான்னு கேக்கணும். நான் கேக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

வரும் வழியில் தயிர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் மூன்று பாக்கெட் இருக்கிறது. நான் ஒருத்திதான்.

அப்பாவைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை. திரைச்சீலைகளைக்கூட எடுத்துத் துவைத்துப் போட்டேன்.

ஜூன் 10, புதன்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எமிலி அக்கா போன் செய்தாள்.

"ஜெனி, அவியள பாம்பு கொத்திட்டு. கால்ல. ஆஸ்பத்திரியில இருக்கோம்."

"எந்தப் பாம்பு?" என்றேன். அக்கா வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

"சுருட்டைன்னு சொல்லுதாவ. மருந்து ஏத்துகாவ."

கூட வெட்டுகிறவர் யாரோ அடித்துப்போட்ட பாம்பைப் படம் எடுத்திருந்தார். அதை அனுப்பச் சொன்னேன். சருகு நிறம், விரலளவு தடிமன். தலைப் பக்கத்தைப் பெரிதாக்கினேன். மூக்கு நுனி மேலே தூக்கியிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. வாயில் இருந்த பேஸ்ட் காய்ந்துபோனது. நேற்று முன்தினம் மரத்தில் பார்த்தது இன்று அக்கா அனுப்பிய படத்தில் கிடக்கிறது.

அக்காவைக் கூப்பிட்டு டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். டாக்டர் வார்டுக்குப் போயிருக்கிறார் என்றாள். பிறகு அவளாகவே, "உடனே கொண்டுவந்துட்டோம் ஜெனி. அரை மணிக்கூர்கூட ஆகல்ல. இந்தத் தடவ லேட்டாக்கல்ல, கேட்டியா" என்றாள்.

"சரிக்கா" என்றேன்.

அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் டாக்டரைப் போனில் பிடிக்க முடியவில்லை. சாயங்கால ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிவிட்டேன். திருச்சி தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது.

ஜூன் 11, வியாழன்

ஆறு வருடத்துக்குப் பிறகு அவரை இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். கால் முழங்கால் வரை வீங்கி, தோல் கறுத்துப் பளபளக்கிறது. ஈறில் ரத்தம் கசிகிறது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. பிறகு மூடிக்கொண்டார்.

நர்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் அவர் ரத்தத்தை எடுத்து அசையாமல் வைத்தார். நல்ல ரத்தமாக இருந்தால் சிறிது நேரத்தில் உறைந்து கட்டியாகிவிடும். நேரம் ஆனதும் குழாயைச் சாய்த்தார். தண்ணீர் போல ஓடியது. நேற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் இப்படித்தானாம். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றுகிறார்கள். அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் ராத்திரி இரண்டு முறை கட்டில் ஆடுமளவுக்கு நடுங்கியிருக்கிறார். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியிருக்கிறது. மூத்திரம் குறைந்துவிட்டது.

டாக்டர் ஷாநவாஸுக்கு முப்பது வயது இருக்கும். தூங்காத கண்கள். அடுத்த பத்துக் குப்பிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், இந்த மருந்து இவருக்குக் கேக்காது. இது சுருட்டை இல்ல."

"நீங்க யாரு?"

"கொழுந்தியா. பாம்பு விஷத்துலதான் வேலை பாக்கிறேன்."

அவர் முகத்தில் சலிப்பு வந்தது. யூட்யூப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். போனில் படத்தைக் காட்டினேன். பக்கத்தில் உண்மையான சுருட்டையின் படத்தையும் வைத்தேன். சுருட்டையின் தலையில் பொடிப்பொடியாகச் செதில், இதன் தலையில் தட்டுத் தட்டாகப் பெரிய செதில். பிறகு மரத்தைக் காட்டினேன். இந்த மாவட்டத்தில் சுருட்டை என்று எழுதி எங்களுக்கு வந்த ஏழில் மூன்று குழிவிரியன் என்றேன்.

அவர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நின்றவர் உட்கார்ந்தார்.

"படிச்சிருக்கேன். கேரளாவுல இருக்குன்னு படிச்சிருக்கேன்." படத்தை மறுபடி பெரிதாக்கிக்கொண்டே, "இங்கேர்ந்து கேரளா எவ்வளவு தூரம்?" என்று அவரே கேட்டுக்கொண்டார். எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

"போன வருஷம் ஒரு அம்மா. முந்திரி ஃபேக்டரியில வேலை பாக்கிறவங்க. முப்பது குப்பி குடுத்தோம். கேக்கல. கிட்னி போயிடுச்சு. எங்களுக்கு மருந்து கேக்கலன்னா ஒரே பதில்தான் மேடம். லேட்டா வந்துட்டீங்கன்னு சொல்லுவோம்." அவர் என்னைப் பார்க்காமல் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க லேட்டா வரல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆட்டோல, ஈரப் புடவையோட, உடனே வந்தாங்க."

லேட்டா வந்துட்டீங்க. இந்த வரியை இதே கட்டிடத்தில் நின்று நான் கேட்டிருக்கிறேன்.

அவர் சீட்டைக் கிழித்துப்போட்டார். திருவனந்தபுரத்தில் யாரோ பெரிய டாக்டருக்குப் போன் செய்து, எழுந்து நின்றபடியே வெகுநேரம் பேசினார். மருந்தை நிறுத்திவிட்டார்கள். ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மா ஏற்றுகிறார்கள். மதியம் டயாலிசிஸ் தொடங்கிவிட்டது.

அக்கா ஒன்றும் புரியாமல், "என்னத்துக்குப் பிள்ளே மருந்த நிறுத்திட்டாவ? கைவிட்டுட்டாவளா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இல்லை என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 12, வெள்ளி

மேடம் போன் செய்தார்கள். அந்த மூன்று பேரில் இரண்டு பேர் தாங்களாகவே தேறி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர் இறந்துவிட்டார். முந்திரி ஃபேக்டரியில் வேலை செய்த பெண்.

"அவங்களைக் கடிச்ச பாம்பு நம்ம ஃப்ரிட்ஜ்ல எட்டு மாசமா இருக்கு ஜெனிட்டா" என்றார்கள்.

ஜூன் 14, ஞாயிறு

குளித்து மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அம்மா சர்ச்சுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். மருமகன் ஆஸ்பத்திரியில் கிடந்து ஐந்து நாள் ஆகிறது, அவள் போய்ப் பார்க்கவில்லை. "எமிலிக்குச் சோறு குடுத்துவிட்டேன்" என்றாள், நான் கேட்காமலேயே.

சமையலறையில் ஒழுகும் இடத்தில் குண்டான் வைத்திருக்கிறாள். நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தாள். டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இது சுருட்டை மாதிரியே இருக்கும் வேறு பாம்பு என்று சொல்லிப் படத்தைக் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இது உனக்க அப்பாவக் கொத்தினது இல்லா?"

"இல்லம்மா. இது புதன்கிழமை எடுத்த படம்."

"அதில்ல பிள்ளே. இதே மூஞ்சி. பன்னி மூக்கு மாதிரி தூக்கிட்டு இருக்கும். அன்னைக்கு சாக்குல கெட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாவல்லா, நான் பாத்தேன். எனக்கு மறக்குமா?"

அம்மா போனை என் பக்கம் தள்ளினாள். "அப்போ அவருக்கு ஏத்தின மருந்தெல்லாம்?"

அம்மா எழுந்து போய்க் குண்டானில் இருந்த தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு வந்தாள். அது பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாவைக் கடித்த உடனே, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியிருந்தாலும் அதே மருந்தைத்தான் ஏற்றியிருப்பார்கள். மருந்து கேட்கும் கேட்கும் என்று காத்திருந்து ஆறாம் நாள்தான் டயாலிசிஸுக்கு எடுத்தார்கள். வைத்தியர் வீட்டில் போன மூன்று மணி நேரம் இதில் எங்கேயும் வரவில்லை. எப்படித் திருப்பிப் போட்டாலும் வரவில்லை. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டது.

ஜூன் 16, செவ்வாய்

ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். ஈறில் ரத்தம் நின்றுவிட்டது. குழாயில் ரத்தம் உறைகிறது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் இளநீரோடு வருகிறார்கள். கிட்னி வேலை செய்யாதவருக்கு இளநீர் ஆகாது, ஒருநாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று நர்ஸ் கணக்கு வைத்திருக்கிறார். வருகிற இளநீரையெல்லாம் நானும் அக்காவும் வாட்ச்மேனுமாகக் குடிக்கிறோம்.

அப்பாவைக் கடித்ததும் இதே பாம்புதான் என்று அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் தலைமுடிக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

தாசையன் அத்தானுக்கு இன்று கொஞ்சம் மூத்திரம் போயிற்று. அக்கா அந்த பாட்டிலை டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர் எல்லோருக்கும் காட்டினாள். கிறிஸ்மஸ் கேக் காட்டுவதுபோலக் காட்டினாள்.

டாக்டர் ஷாநவாஸ் மாவட்டத்து டாக்டர்கள் கூட்டத்தில் பேசப் போகிறாராம். மரத்தின் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேடம் சென்னையிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 22, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அத்தான் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா கட்டில் ஓரத்தில் கரண்டியால் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. அப்பாவைக் கடித்ததும் இதே பாம்புதான், அம்மா பார்த்துச் சொல்லிவிட்டாள், அன்றைக்கு ஏற்றிய மருந்து வேலை செய்யாத மருந்து என்று கடகடவென்று சொன்னேன்.

"அந்த மூணு மணி நேரம் காரணமில்ல அத்தான். நீங்க நேரே இங்க கொண்டு வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

அக்காவின் கையில் கரண்டி நின்றுவிட்டது.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேனா? ஏதோ ஒரு சுமை இறங்கிய முகத்தை எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

"வைத்தியருகிட்டப் போணும்னு சொன்னது நான் இல்ல" என்றார். "மாமாதான். நான் ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியத் திருப்பிட்டேன். அவிய பின்னாலேர்ந்து எனக்க தோளப் புடிச்சு, ஆஸ்பத்திரிக்குப் போனா குதிச்சிருவேன்னாவ. ஊசி போட்டுக் கால வெட்டிருவானுவன்னு பயந்து வெப்ராளப்பட்டாவ. குதிச்சிருவாவளோன்னு பயந்து திருப்பினேன்."

அக்கா எழுந்துவிட்டாள். "எங்கிட்டகூட சொல்லல்லியே? ஆறு வருஷம். ஒரே வீட்டுல. எங்கிட்டகூடவா?"

"உனக்க அப்பா இல்லியா அவிய. செத்துப்போன ஆளுக்க மேல போட்டு நான் தப்பிக்கணுமா?"

அக்கா கஞ்சிப் பாத்திரத்தோடு வெளியே போனாள். வராந்தாவில் பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது.

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தான். நான் உங்கள ஒண்ணும் சொன்னதில்லையே."

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"ஆமா. நீ ஒரு வார்த்தை சொன்னதில்ல ஜெனி. ஆறு வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்ல. கேக்கவும் இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்து, அக்கா கொட்டிய கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடமிருந்து துணியை வாங்கி நானே துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்திருக்கிறேன். ஆயாதான் போதும் மக்கா என்று துணியைப் பிடுங்கிக்கொண்டார்.

ஜூன் 23, செவ்வாய்

அக்கா அவரோடு பேசவில்லை. ஆனால் மருந்து நேரம் தவறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே மாத்திரை கொடுக்கிறாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்குகிறார்.

ஜூன் 24, புதன்

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அப்பாதான் வைத்தியரிடம் போகச் சொன்னாராம் என்றேன். அவள் அழுவாள், இல்லையென்றால் அவன் பொய் சொல்கிறான் என்று சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போனேன்.

அம்மா மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

"அவரு அப்படித்தான் சொல்லியிருப்பாரு" என்றாள்.

"என்னம்மா?"

"எனக்குத் தெரியாதா? அவருக்க அண்ணனுக்கு இந்த ஆஸ்பத்திரியிலதான் கால எடுத்தாவ. அதுலேர்ந்து அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு நின்னவரு. எமிலிக்க பிரசவத்துக்கே உள்ள வரல்ல, ரோட்டுல நின்னாரு. அவரப் பைக்குல ஏத்திட்டு ஒருத்தன் வைத்தியருகிட்டப் போனான்னா, அது யாரு சொல்லிப் போனதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா உனக்கு?"

"அன்னைக்கே தெரியும்."

அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்க வந்த அத்தானின் கையை இவள் தட்டிவிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஊரே பார்த்தது. பாதிரியார் வந்து சமாதானம் சொல்லியும் விடவில்லை. அவர் ஊர்வலத்துக்குப் பின்னால், கடைசியில், செருப்பில்லாமல் நடந்து வந்தார்.

"தெரிஞ்சுமா அம்மா?"

"பின்ன யார்மேல கோவப்படச் சொல்லுத? அவரு மேலயா? பெட்டியில கிடக்கிற ஆளு மேல எப்படிப் பிள்ளே கோவப்படுவேன்?" கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "ஒருத்தன் இருந்தான். எதுத்து ஒரு வார்த்தை பேசாம நின்னான். அவன் பேசியிருந்தா விட்டிருப்பேன்."

ஜூன் 26, வெள்ளி

நேற்று டயாலிசிஸ் இல்லாமலே ரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருக்கிறது. இன்னும் ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்புவார்கள். கிட்னி பழையபடி முழுதாக ஆகுமா என்பதை மாதக்கணக்கில் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

பதினொரு மணிக்கு அம்மா வந்தாள். யாரிடமும் சொல்லாமல், தனியாக, இரண்டு பஸ் மாறி. வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று வாட்ச்மேன் சொன்னதையும் கேட்கவில்லை. உள்ளே ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். அக்கா அம்மாவைப் பார்த்ததும் சுவரோடு ஒதுங்கி வழி விட்டாள். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கதவின் கண்ணாடி வழியே அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். அசையவே இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதியும்படி. ஒரு நர்ஸ் உள்ளே போனார், உடனே திரும்பி வந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து அம்மா வெளியே வந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பஸ் எப்ப?" என்றாள். அக்காதான் அவளைப் பஸ் ஏற்றிவிடக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் உள்ளே போனேன். அத்தான் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. எப்போதும் போலத் தண்ணீர்க் கணக்கை எழுதிவிட்டு வெளியே வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா என்ன சொன்னாங்க அத்தான்?"

"ஒண்ணும் சொல்லல்ல. எனக்க காலப் புடிச்சிட்டு நின்னாவ."

"காலப் புடிச்சாங்களா?"

"வீங்கின கால. நல்லா வலிச்சுது." போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். "விடுங்கன்னு நானும் சொல்லல்ல."